மோட்டார் கொட்டகைப் பொன்மணி

வடக்கனந்தலில் என் பெரியம்மா மகன் வெங்கடேசன் தன் மோட்டார் கொட்டகையில் ஒரு பெண்ணை ஒளித்து வைத்திருக்கிறான் என்ற செய்தி, பின்லாந்தில் இருக்கும் எனக்கு மாமியார் மூலமாக வந்தது. மாமியார் இருப்பது உளுந்தூர்பேட்டையில். அவரிடம் சொன்னது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த ஓர் அம்மாள். அந்த அம்மாளிடம் சொன்னது அவருடைய நாத்தனார். நாத்தனார் வடக்கனந்தலில் பால் ஊற்றப் போன இடத்தில் கேட்டாராம். ஆக, முழுக்க நம்பகமான செய்தி. எங்கள் மாவட்டத்தில் எந்த வதந்தியும் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறாமல் வெளியூர் போவதில்லை. மாறுகிற இடைவெளியில் ஒரு டீ குடித்துத் தெம்பு ஏற்றிக்கொண்டுதான் அடுத்த பஸ்ஸில் ஏறும். வடக்கனந்தலில் கிளம்பியபோது அது "கொட்டாயில யாரோ பொண்ணு பாடுது" என்ற அளவில்தான் இருந்திருக்கிறது. என்னிடம் வந்து சேர்ந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம்.

பயந்துவிட்டேன். பயப்படுவது எனக்குப் புதிதல்ல. பத்தாவது வரை தமிழிலும் அதற்கு மேல் ஆங்கிலத்திலும் படித்ததில் எனக்குக் கிடைத்த லாபம், தமிழில் பயந்து ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கத் தெரியும் என்பதுதான். இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரம் வேறு. வடக்கனந்தல் கொட்டகையில் ஒரு பெண் இருப்பதற்கும் பின்லாந்தின் குடியேற்றத் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கொட்டகையில் இருக்கும் லேப்டாப் என்னுடையது. போன முறை ஊருக்குப் போனபோது, பழசாயிற்றே என்று வெங்கடேசனிடம் கொடுத்துவிட்டு வந்தது. அந்தப் பெண் குடியிருந்தது அதற்குள்தான்.

வெங்கடேசன் என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவன். அதனால் அண்ணன்; ஆனால் ஒருவரையொருவர் டா போட்டுத்தான் பேசுவோம். நாற்பது எட்டிப் பார்க்கும் வயது. படித்தது பி.எஸ்சி. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் கொஞ்சம் நிலமும், அது வராத மாதங்களுக்கு ஒரு போர்வெல்லும் உண்டு. கரும்பு, மக்காச்சோளம், விலை இருக்கும் வருடங்களில் மரவள்ளி. குடி கிடையாது, சீட்டு கிடையாது, கட்சி கிடையாது. இத்தனை இல்லாமைகளும் இருந்தும் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

காரணம் எளிது. அவன் விவசாயி. இந்த நாட்டில் விவசாயியை மதிக்காதவர் ஒருவர் கிடையாது. மேடையில் மதிக்கிறார்கள், பாடப் புத்தகத்தில் மதிக்கிறார்கள், லாரியின் முதுகில் எழுதி வைத்து மதிக்கிறார்கள். வீட்டுக்குள் வந்து பெண் கேட்டால் மட்டும் காப்பி ஆறிப்போகிறது. "மாப்ள வேற இன்னா பண்றாரு?" என்று கேட்பார்கள். வேற என்றால், விவசாயம் என்கிற வியாதியைத் தவிர வேறு ஏதாவது. அவனை வேண்டாம் என்ற ஒரு வீட்டில், சென்னையில் ஐ.டி.யில் இருக்கிறார் என்று சொல்லி வந்த ஒருவருக்குப் பெண்ணைக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அவர் கழுத்தில் ஐ.டி. தொங்கவிட்டுக்கொண்டு சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் என்று. அப்போதும் அவர்களுக்கு வருத்தமில்லை. மண்ணில் கால் படவில்லை அல்லவா.

இரண்டாவது காரணமும் ஒன்று உண்டு. அதைப் பெரியம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். வெங்கடேசன் பேச மாட்டான். பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாப் பாட்டுக்குப் பதினைந்து பேரைப் பொறுக்கியபோது உயரத்துக்காக அவனையும் சேர்த்தார்கள். ஒத்திகையில் அவன் குரலைக் கேட்ட டீச்சர் ஹார்மோனியத்தை நிறுத்திவிட்டு, "நீ வாய மட்டும் அசை கண்ணு, அது போதும்" என்றார். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அன்றிலிருந்து இன்றுவரை, கூட்டம் என்று வந்தால் வாயை மட்டும்தான் அசைக்கிறான்.

போன வருடம் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியது. அதற்கு மருந்து தேடி யூடியூபில் ஒரு வேளாண் அதிகாரியின் பேச்சைப் போட்டுவிட்டு, போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெங்கடேசன் சோளக்கொல்லைக்குள் நடந்திருக்கிறான். அதிகாரி பேசி முடித்ததும் யூடியூப் தன் இஷ்டத்துக்கு அடுத்ததைப் போட்டது. ஒரு பெண் பாடினாள். புரியாத மொழி. எடுத்துப் பார்த்தால் பெரிய அரங்கம், ஆயிரக்கணக்கான ஜனம், எல்லார் கையிலும் குச்சி விளக்கு. மேடையில் ஒரு பொம்மைப் படம் ஆடிக்கொண்டிருக்கிறது. சோளத்துக்கு நடுவில் நின்றபடியே அதை எனக்கு அனுப்பிவிட்டு வீடியோ கால் செய்தான்.

"டேய், இது இன்னா பாஷடா?"

ஜப்பான் என்றேன்.

"பாடற பொண்ணு எங்க?"

பொண்ணு இல்லை, சாப்ட்வேர் என்றேன். பாட்டை எழுதி, ராகத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தால் அது பாடும், அதற்கு ஒரு படம் போட்டுப் பேர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன்.

"அப்ப இவ்ளோ ஜனம் யாரப் பாத்து கைய ஆட்டுது?"

"படத்தப் பாத்துதான்."

"நம்ம ஊரு மாநாடு மாதிரி" என்றான். அதற்குமேல் அவனுக்கு அதில் வியப்படைய ஒன்றுமில்லை. தலைவர் வராத மாநாட்டில் கட் அவுட்டைப் பார்த்துக் கை தட்டிப் பழகிய ஜனத்துக்கு இது ஒரு பெரிய விஷயமா.

ஆனால் வேறு ஏதோ ஒன்று அவனைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து பார்த்துத் தீர்த்தான். உருவம் இல்லாத பாடகிகள், பாடகர்கள். வீட்டு மூலையில் உட்கார்ந்து அவர்களுக்குப் பாட்டுக் கட்டும் ஆட்கள். ஒருவர் முகத்தையும் யாரும் பார்த்ததில்லை. பெயர்கூடப் புனைபெயர். வாயை மட்டும் அசைக்கச் சொல்லப்பட்ட ஒரு ஜாதி உலகம் முழுக்க இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாமலே போயிருக்கிறது. ஒரு மாதம் கழித்துக் கேட்டான்: "அது தமிழ் பாடுமாடா?"

பாடியது, ஒரு மாதிரி. இலவசமாகக் கிடைத்த ஒரு சாப்ட்வேரை என் லேப்டாப்பில் ஏற்றினான். குரல் ஜப்பான் சரக்கு. அதற்கு ழ வராது, ள வராது, ண வந்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் எப்படியும் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எழுத்து எழுத்தாக அதற்குத் தமிழ் புகட்டினான். முதல் பாட்டே கரண்டுக்குத்தான்.

சொல்லாம வருவ, சொல்லாம போவ,
வந்தாக்கா தண்ணி பாயும், போனாக்கா நெஞ்சு காயும்

என்று தொடங்கி மூன்று நிமிடம். எனக்கு அனுப்பினான். கேட்டுவிட்டு நான் சொன்ன முதல் வார்த்தை, இதில் காப்பிரைட் சிக்கல் ஏதும் வராதே என்பது. "கரண்டுக்கு இன்னாடா காப்பிரைட்டு" என்றான். பாட்டு நன்றாக இருந்தது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்குச் சவுண்ட் சர்வீஸ் பச்சமுத்து புதுப் பாட்டு கேட்டுக்கொண்டு வந்தார். அந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் குழாய் கட்டுவது அவர்தான். போட்ட பாட்டையே போட்டு அம்மனுக்கே அலுத்துவிட்டது என்றார். வெங்கடேசன் என்ன துணிச்சலிலோ பென் டிரைவை எடுத்துக் கொடுத்துவிட்டான். பாடினது யாரென்று மைக்கில் சொல்ல வேண்டுமே என்று பச்சமுத்து கேட்டிருக்கிறார். தன் பெயரைச் சொல்ல வாய் வராமல் சுற்றுமுற்றும் பார்த்தவன் கண்ணில் மூலையில் கிடந்த விதைச்சோளப் பை பட்டது. பையில் போட்டிருந்த பெயர் பொன்மணி. அதையே சொன்னான்.

அப்படித்தான் ஆடி வெள்ளிக்கிழமை நாலு குழாயிலும் பொன்மணி பாடினாள். கரண்டுப் பாட்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யாருக்காகவோ ஏங்கும் பெண் என்று எல்லாருக்கும் தோன்றியது. கூழ்ப் பானையோடு நின்ற என் பெரியம்மா பெரியநாயகிக்குத் தோன்றியது வேறு: இதுதான் என் மருமகள்.

பிறகு நடந்த ஆராய்ச்சி பெரியது. வரிசையில் நின்ற பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ழ வரவில்லை, அதனால் ஆந்திரா பக்கம். இல்லை, கான்வென்ட்டில் படித்த பெண். இல்லவே இல்லை, நாக்கில் ஏதோ குறை. நாக்கெல்லாம் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று பெரியம்மா முடித்துவைத்தார். அவருக்கு நகை வேண்டாம், படிப்பு வேண்டாம், நாக்கும்கூட வேண்டாம். நேராகப் பச்சமுத்துவிடம் போய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நம்மாளுங்களா?"

பச்சமுத்து எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். "மல ஓரமா இருக்கறவங்க, ஆனா நம்மாளுங்கதான்" என்றார். கல்வராயன் மலை ஓரம் என்பது நல்ல நீளம். பெரியம்மா அடுத்த வாரம் முழுக்க அந்த நீளத்தை அளந்தார். பொன்மணி என்று பாடுகிற பெண் உண்டா என்று கச்சிராயபாளையத்திலிருந்து கேட்டுக்கொண்டே போனார். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்து ஊரில் இருப்பதாகக் கேள்வி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

இதெல்லாம் எதற்கு என்று வெங்கடேசன் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயை அசைத்தான். சத்தம் வரவில்லை.

இதற்கிடையில், பொன்மணி கிடைக்காத சோர்வில் பெரியம்மா தரகர் கொண்டுவந்த ஒரு ஜாதகத்துக்குத் தலையாட்டினார். நைனார்பாளையம் கந்தசாமியின் மகள் செந்தமிழ்ச்செல்வி. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்ன குற்றத்துக்காக அவளும் காத்திருந்தவள். விவசாயம் பரவாயில்லை என்று அந்தப் பெண்ணே சொன்னதாகக் கேட்டபோது பெரியம்மாவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது, பெண்ணுக்கு ஏதாவது கோளாறா என்று.

பெண் பார்க்கப் போன இடத்தில் வெங்கடேசன் மிக்சர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண்ணே ஒரு தடவை, கரும்பு எப்ப வெட்டுவீங்க என்று கேட்டிருக்கிறாள். அவன் மிக்சர் தொண்டையில் சிக்கி, "தண்ணி" என்றான். அதுதான் அன்றைக்கு அவன் பேசிய முழுப் பேச்சு. அப்படியும் அவர்கள் சம்மதித்தார்கள். வீட்டுக்கு வந்தவன் நேராகக் கொட்டகைக்குப் போய் ஒரு வாரம் வெளியில் தலைகாட்டவில்லை. புதுப் பாட்டு ஒன்று தயாரானது. எனக்குக்கூட அனுப்பவில்லை. அவன் வாழ்க்கையில் நான் பார்த்து அவன் எதையாவது விரும்பினான் என்றால் அந்தப் பெண்ணைத்தான். அதை அவளிடம் சொல்லாதது அவன் பாணி.

மிச்சம் இருந்தது விசாரிப்பு மட்டும். எங்கள் பக்கத்தில் ஜாதகம் பொருந்தினால் பாதிக் கல்யாணம். மீதியை டீக்கடை முடிவு செய்யும். பெண்ணின் அப்பா யாருக்கும் தெரியாமல் மாப்பிள்ளை ஊருக்கு வருவார். டீக்கடையில் உட்கார்ந்து, வேறு வேலையாக வந்தவர்போல, இன்னார் எப்படி என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார். அவர் யாரென்று கடைக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் மாடு வாங்க வந்தவர் என்றுதான் இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ள வேண்டும். கந்தசாமி மாடு வாங்க வந்தார். பிள்ளைக்குப் பெண் தேடி மலையோரம் முழுக்கப் பொன்மணி பெயரைப் பரப்பிவிட்டிருந்த புண்ணியம் பெரியம்மாவுடையது. அதே பொன்மணியின் குரல் பட்டப்பகலில் வெங்கடேசன் கொட்டகையிலிருந்து வருவதைக் களை வெட்டப் போன பெண்கள் கேட்டிருந்தார்கள். இரண்டையும் கூட்டிக் கழிக்கத் தெரியாத டீக்கடை தமிழ்நாட்டில் இல்லை. கந்தசாமிக்கு எல்லா விவரமும் கிடைத்தது. மாடு பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை.

பெரியம்மாவும் கேள்விப்பட்டு, சாப்பாட்டுக் கூடையைச் சாக்காக எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்து பார்த்தார். மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, கயிற்றுக் கட்டில், லேப்டாப், ஒரு பல்லி. அன்று சாயங்காலம் எனக்குப் போன்.

"அயகு, இவன் அந்தப் பொண்ண பின்பக்கமா அனுப்பிட்டான் போலருக்குதுப்பா."

"பெரிம்மா, கொட்டாய்க்கு ஒரே வாசல்தான் இருக்குது."

"அதத்தான் நானும் யோசிச்சிக்கினு கீறேன்."

நான் அழகன், அதாவது தமிழழகன். பெற்றோர் வைத்த பெயர். என்னைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட்டார்கள். பெரியம்மாவிடம் அரை மணி நேரம் சாப்ட்வேர் என்றால் என்ன என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். கடைசியில் சொன்னார், எல்லாம் சரி, அந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரத்தை நீயே கந்தசாமியிடம் சொல்லிவிடு என்று. நீ வெளிநாட்டில் இருப்பவன், பொய் சொன்னாலும் மரியாதையாகக் கேட்பார்கள் என்று.

சம்பந்தம் தொடரக் கந்தசாமி வைத்திருந்த நிபந்தனை சிறியதுதான். அந்தப் பொன்மணி வந்து, நாலு பேர் எதிரில், வெங்கடேசனுக்கும் தனக்கும் ஒன்றும் இல்லை என்று தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இருக்கிற பெண்ணாக இருந்தால் காலில் விழுந்தாவது கூட்டி வந்திருக்கலாம். இல்லாதவளை எந்த பஸ்ஸில் ஏற்றுவது.

எப்படிப் பேச வேண்டும் என்று இரண்டு மொழிகளிலும் ஒத்திகை பார்த்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். அப்படியா, மெஷினா, என்று அவர் குரலில் கொஞ்சம் இளக்கம்கூட வந்தது. அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"அப்ப அந்தக் கொரலு? அதுவும் மெஷினு கொரலுங்களா தம்பி?"

என்னால் முழுப் பொய் சொல்ல முடியாது. முழு உண்மை சொல்லி மாட்டிக்கொள்ள மட்டும் தெரியும். "இல்லீங்க, குரல் வந்து... ஒரு பொண்ணு முன்னாடியே அ, ஆ, க, கா-ன்னு ஒவ்வொரு எழுத்தா பேசிக் குடுத்திருக்கும். அத வெட்டி ஒட்டித்தான்..."

"அப்ப ஒரு பொண்ணு இருக்குது."

"இருக்குதுங்க, ஆனா ஜப்பான்ல."

ஜப்பானா என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வெளிநாட்டுப் பொண்ணு. அதான் நாக்கு பொரளல. நீங்கதான் ஏற்பாடு பண்ணிக் குடுத்தீங்களா தம்பி?"

மன்னிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இனி நான் தலையிட வேண்டாம், தானே சரி செய்கிறேன் என்று வெங்கடேசன் செய்தி அனுப்பினான். அவன் கண்டுபிடித்த வழியை அவனைத் தவிர வேறு யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. நாலு பேர் எதிரில் பொன்மணி பேச வேண்டும், அவ்வளவுதானே. பேச வைத்தான். நைனார்பாளையத்தில் கந்தசாமி வீட்டு வாசலில், அவர் பங்காளிகள் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, பச்சமுத்து ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுபோய் வைத்தார். வெங்கடேசன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பொன்மணி வாக்குமூலம் கொடுத்தாள்: நான் பெண்ணே அல்ல. எனக்கு ஊர் இல்லை, உறவு இல்லை, உடம்பு இல்லை. வெங்கடேசனுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் நல்லவர். என்னை மறந்துவிடுங்கள்.

எழுத்தில் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த சாப்ட்வேருக்குப் பேசத் தெரியாது, பாடத்தான் தெரியும். விஷயம் கனமானது என்பதால் அவனும் மெதுவான ராகமாகப் போட்டிருந்தான். ஊர் இல்லை, உறவு இல்லை என்று அவள் இழுத்தபோது உள்ளே இருந்த பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். உடம்பு இல்லை என்றபோது ஒரு கிழவி முந்தானையால் மூக்கைச் சிந்தினார். அவர் நல்லவர் என்றதும் எல்லாருமே அழுதுவிட்டார்கள். கூடப் போயிருந்த என் பெரியம்மா உட்பட.

"பாரு, அநாதப் பொண்ணு. இம்மாம் பண்ணவன அது நல்லவன்னு சொல்லுது பாரு" என்றார் கிழவி.

பங்காளிகளில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். இப்படி ஒரு பெண்ணின் கண்ணீர் மேல் நம் பெண்ணுக்குப் பந்தல் போட வேண்டாம். முடிந்தால் அந்தப் பையன் அந்தப் பெண்ணையே கட்டிக்கொள்ளட்டும், அதுதான் தர்மம். வெங்கடேசன் வாயைத் திறந்து மூடினான். பச்சமுத்து வயரைச் சுற்றி ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே இரண்டு பேர் அந்தப் பாட்டை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம், நல்லாருக்குது என்று.

இதையெல்லாம் பெரியம்மா எனக்கு அழுதுகொண்டே சொன்னார். மகனுக்காக அழுதாரா பொன்மணிக்காக அழுதாரா என்று கடைசிவரை தெளிவாகவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தெரியாத இந்திய எண்ணிலிருந்து அழைப்பு. நான் ஆபீசில் இருந்தேன்.

"அண்ணா, நான் நைனார்பாளையம் செந்தமிழ்ச்செல்வி பேசறேன். உங்க பெரியம்மாதான் நம்பரு குடுத்தாங்க."

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கல்யாணம் நடந்தால் இந்தப் பெண்ணை நான் அண்ணி என்று கூப்பிட வேண்டும். நடக்காவிட்டால் காலம் முழுக்க இந்தப் பெண்ணின் அப்பா என்னை ஜப்பான் தரகன் என்று கூப்பிடுவார். மறுபடியும் சாப்ட்வேர் விளக்கத்தைத் தொடங்கினேன். அவள் இடைமறித்தாள்.

"அது மெஷினுன்னு எனக்குத் தெரியும்ணா. அன்னிக்கு உள்ளருந்து கேட்டுக்கினுதான் இருந்தேன். அது ஒரு எடத்துலகூட மூச்சு வாங்கல. மூணு நிமிஷம் மூச்சு வாங்காத ஆள எங்க ஆஸ்பத்திரியில நாங்க பாட வுட மாட்டோம்."

சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

"அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். அவருக்கும் புரிஞ்சிடுச்சு. நாலு பேரு எதிர்ல அழுதுட்டாரு இல்ல, அதனால புரிஞ்சதா காட்டிக்க மாட்டேங்கறாரு. அத நான் பாத்துக்குவேன். எனக்கு சந்தேகம் வேற."

"சொல்லும்மா."

"பச்சமுத்துகிட்ட அந்த ஆடிப் பாட்டையும் வாங்கிக் கேட்டேன், அது கரண்டுக்குன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. சொல்லாம வருவ, சொல்லாம போவன்னு. அம்மாம் வார்த்த எழுதத் தெரிஞ்சவரு எங்க வூட்டுக்கு வந்து தண்ணின்னு ஒரு வார்த்ததான் சொன்னாரு. என்னாண்ட பேச வேண்டியதக்கூட அத வுட்டுதான் பேச வெச்சாரு. நாளைக்கு நான் வந்தாலும் மீதி வார்த்தயெல்லாம் அதுக்குத்தானா? எனக்கு ழ வரும்ணா. அதுக்கு மேல இன்னா வேணும் அவருக்கு?"

நான் வெங்கடேசனின் டீச்சரைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லி வாங்குகிற இரக்கம் அவனுக்குப் பிடிக்காது என்று விட்டுவிட்டேன்.

அவளே தொடர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டியூட்டி முடிந்ததும் அவன் போனுக்குக் கூப்பிடுவதாகச் சொன்னாள். ஒரே ஒரு தடவை. மணி ஓய்வதற்குள் அவனே எடுத்து, அவன் தொண்டையில், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்; கரும்பு எப்ப வெட்டுவீங்கன்னு கேட்டதற்குப் பதிலாவது சொல்லட்டும். எடுக்காவிட்டாலோ, எடுத்து அந்த மெஷினைப் பேச வைத்தாலோ, வேண்டாம் என்று அப்பாவிடம் அவளே சொல்லிவிடுவாள். "கட் பண்ணிட்டு அப்புறமா மெசேஜ் போடற ஜோலியும் வேணாம்னு சொல்லிடுங்க" என்று வைத்தாள்.

நான் வெங்கடேசனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, கரும்பு தை மாசம் வெட்டணும் என்றான். அதை அவளிடம் சொல் என்றேன். சொல்கிறேன் என்றான். என்னிடம் சொல்வதற்கே ஒரு கனைப்பு தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை. லேப்டாப்பில் வீடியோ கால் போட்டுக்கொண்டு கூட இரு என்று அவனே கேட்டான். பயத்துக்குத் துணைக்கு என்னைக் கூப்பிட்டது அவன் வாழ்க்கையில் செய்த தவறுகளில் பெரியது, இருந்தாலும் இருந்தேன். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான், போனில் பேசுவதற்கு. மோட்டாரை நிறுத்தி வைத்திருந்தான். மும்முனை வந்திருந்தும் நிறுத்தி வைத்திருந்தான், அதுவே எனக்குப் பெரிய சேதியாக இருந்தது. வாசலில் பெரியம்மா சாமி கும்பிடும் நிலையில் நின்றார். அவருக்குப் பின்னால் வெயில், சோளம், தூரத்தில் மலை. தை மாசம், தை மாசம் என்று அவன் உதடு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குப் போன் ஒலித்தது.

ஒலித்தது என்பதா, பாடியது என்பதா. பெண் பார்த்துவிட்டு வந்த வாரம் அவன் எனக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்ட அந்தப் பாட்டு. ஜாதகத்தோடு வந்த செந்தமிழ்ச்செல்வியின் எண்ணுக்கு மட்டும் அதைத்தான் ரிங்டோனாக வைத்திருக்கிறான். அவள் இதுவரை ஒரு தடவைகூடக் கூப்பிடாததால் அது இப்போதுதான் முதல் முறையாகக் கொட்டகைக்கு வெளியே போகிற சத்தத்தில் ஒலிக்கிறது. பொன்மணி பாடினாள்: மிக்சர் தட்டப் பாத்துக்கினு நான் பாத்ததெல்லாம் உன்னத்தான். அவன் ஒரு கையால் போனைப் பிடித்திருந்தான். பச்சைப் பொத்தானைத் தொட்டால் பொன்மணி பாதி வரியில் நின்றுவிடுவாள். அதற்குப் பிறகு பேச வேண்டியது அவன்தான்.

"எடுடா" என்றார் பெரியம்மா.

நானும் இங்கிருந்து எடுடா என்றேன். என்னுடைய மைக் அணைந்திருந்தது, அல்லது நான் வாயை மட்டும் அசைத்தேனோ என்னவோ.

வெங்கடேசன் எழுந்து நின்றான். வாயைத் திறந்தான். அவன் மூச்சை உள்ளே இழுப்பது லேப்டாப் வழியாக எனக்குக் கேட்டது. பொன்மணி எங்கேயும் மூச்சு வாங்காமல் இரண்டாவது அடிக்குப் போனாள். போன் அவன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.